எழுப்பினால் திட்டுவான்

பாக்கியநாதனைப் பகல் தூக்கத்திலிருந்து எழுப்புகிற தைரியம் அந்தத் தெருவில் அவன் பெண்டாட்டி விக்டோரியாவைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது. கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த இரும்புக் கம்பெனியில் அவனுக்கு உலையடி வேலை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பாயில் விழுந்தானென்றால் விழுந்ததுதான். தொட்டு எழுப்பினால் கண் திறப்பதற்கு முன்னால் வாய் திறந்துவிடும். அதிலிருந்து கொட்டுவதை அச்சில் போட முடியாது. எழுப்பினது யார், எதற்கு எழுப்பினார் என்றெல்லாம் பார்க்க மாட்டான். ஒருமுறை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஏன் வரவில்லை என்று கேட்க வந்த உபதேசியார், அவன் தோளைத் தட்டிவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் போனார். அரை மணி கழித்து அவனே எழுந்து, பூனை மாதிரி வந்து, "டீ கீதா?" என்று கேட்பான். திட்டினது எதுவும் அவனுக்கு ஞாபகமே இருக்காது.

ஆள் கெட்டவன் இல்லை. தூக்கம்தான் அவனுக்குக் கிடைக்காத சொத்து.

வீட்டில் ஒரே ஒரு நல்ல கோரைப்பாய். பாக்கியநாதன் நைட் ஷிஃப்ட் போனால் அவன் தம்பி ஜோசப் பகல் ஷிஃப்ட். தம்பி எழுந்து போகிற சூட்டோடு அண்ணன் வந்து படுப்பான். "ஆளுங்களுக்குத்தான் ஷிஃப்டுன்னு பாத்தா, இவங்க ஊட்டுப் பாய்க்குமில்ல ஷிஃப்டு" என்று பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் கேலி பேசுவாள். அது உண்மைதான். அந்தப் பாயைச் சுருட்டி மூலையில் வைத்த நாளே கிடையாது.

அந்த ஆடி மாதத்தில் வைத்தார்கள். ஆரம்பாக்கத்தில் நாற்று நட ஆள் கிடைக்கவில்லை என்று தாய் சொல்லியனுப்ப, ஜோசப் ஊருக்குப் போய்விட்டான். அவன் டூட்டியையும் சேர்த்துப் பார்க்கிறேன் என்று மேஸ்திரியிடம் பாக்கியநாதன் ஒத்துக்கொண்டான். இரண்டு நாள் வீட்டுக்கே வரவில்லை. உலையடியிலேயே நின்று, உலையடியிலேயே உட்கார்ந்து தின்று, உலையடியிலேயே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். விக்டோரியா வழக்கம்போல ஒரு பழைய புடவையை விரித்துப் படுத்துக்கொண்டாள். ஆள் இல்லாத பாய் எதற்கு என்று சுருட்டி, அடுப்பெரிக்க வாங்கி வைத்திருந்த மரத்தூள் மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் சாத்தி வைத்தாள்.

அவர்கள் குடியிருந்த லைன் வீடுகள் ஏரிக்கரையை வெட்டிச் சமன் பண்ணின இடத்தில் எழும்பியவை. கம்பெனிக்காரன் நிலத்துக்காரர்களுக்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்தான். பாம்புகளுக்கு யாரும் கொடுக்கவில்லை. அதனால் அவை அங்கேயே இருந்தன. மழை நாளில் வாசலில் தண்ணிப்பாம்பு நெளியும், கூரை இடுக்கில் சாரை ஓடும். விரட்டினால் போய்விடும். பெரிதாக இருந்தால் இன்னதென்று தெரிந்துவிடும், பயப்படுவதா வேண்டாமா என்றும் தெரிந்துவிடும். குட்டிகள் விஷயம்தான் எவருக்கும் பிடிபடுவதில்லை.

மூன்றாம் நாள் காலையில் பாக்கியநாதன் வந்தான். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். விக்டோரியா குழாயடியில் நின்றாள். "நாஷ்டா துன்னுட்டுப் படுய்யா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். அவன் காதில் வாங்கவில்லை. பாயை அவனே இழுத்து, உதறாமல், காலால் தள்ளி விரித்துப் படுத்தான்.

குடத்தோடு அவள் உள்ளே வந்தபோது முழங்கைக்குக் கீழே சொறிந்துகொண்டிருந்தான்.

"இன்னாய்யா?"

"எறும்பு கடிச்சிக்கினு கீது. பாயாமே இது?" என்று புரண்டு, வெறுந்தரைக்கு நகர்ந்து, குப்புறப் படுத்துவிட்டான்.

எறும்பைத் தட்டலாமென்று அவள் பாயின் ஓரத்தைத் தூக்கினாள். சாணுக்குக் கொஞ்சம் கூட நீளம், பென்சில் கனம், கறுகறுவென்று ஒன்று, மேலே வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டுக்கொண்டு, சுருண்ட இடத்திலிருந்து நெளிந்து வெளியே வந்தது. கைக்கு எட்டின அம்மிக் குழவியைத் தூக்கி நச்சென்று போட்டாள். குழவி தலையில் விழுந்தது. வால் மட்டும் கொஞ்ச நேரம் துள்ளிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டுச் செல்லியம்மாள் ஓடிவந்தாள். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஆடி மாசம் அதுவுமா இன்னா காரியம் பண்ணிக்கினே! நாளைக்குக் கங்கம்மாவுக்குக் கூழு ஊத்தப் போறாங்க. அவ கொயந்தையப் போய் நசுக்கிக் கீறியே!"

"யக்கா, எனக்கு இன்னா தெரியும்? பயந்துட்டேன்."

"நீ மாதா கோயிலுக்குப் போறவ. உனக்கு ஒண்ணும் ஆவாது. சுத்தி இருக்கற எங்க ஊட்டுப் புள்ளைங்களுக்கு இல்ல ஆவும்."

அதற்கு மேல் விக்டோரியாவின் உத்தரவுக்கு அவள் காத்திருக்கவில்லை. செத்ததை ஒரு பூவரச இலையில் வாரினாள். பால் தெளித்து, மஞ்சள் வைத்து, ஒரு காசும் போட்டு, வீட்டுக்குப் பின்னால் விறகடுக்கிக் கொளுத்தினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விக்டோரியாவும் எதற்கும் இருக்கட்டுமென்று சிலுவை போட்டுக்கொண்டாள். செத்த பாம்புக்கு ஒரு குறையும் வைக்காமல் இரண்டு பேருமாக அனுப்பி வைத்தார்கள்.

திரும்பி வந்த பிறகுதான் அந்த 'எறும்பு' அவள் புத்தியில் உறைத்தது. ஓடிப்போய்ப் புருஷன் கையைத் திருப்பினாள். முழங்கைக்குக் கீழே ஊசி குத்தினது போல இரண்டு புள்ளி. வீக்கம் இல்லை. ரத்தம் இல்லை. அவள் திருப்பின திருப்பில் விழித்துக்கொண்டவன், அவளையும் அவள் அம்மாவையும் ஆரம்பாக்கத்திலிருந்து அரக்கோணம் வரைக்கும் இழுத்துத் திட்டினான்.

"திட்டுய்யா, திட்டிக்கினே எந்திரி. உன்னியப் பாம்பு கடிச்சிக் கீது" என்று அவள் அழுதாள்.

தெரு கூடிவிட்டது. பாம்பைப் பார்த்தவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் அது என்ன பாம்பு என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. செல்லியம்மாளின் புருஷன் கலியன், "வெள்ளைக் கோடுன்னா எட்டடி விரியன். கடிச்சா எட்டடி நடக்க வுடாது. இவன் நடந்து வந்து குந்திக்கினு என்னியே மொறைக்கிறான். அதனால அது இல்ல" என்றான். சுவரேறுகிற வெறும் வரிப்பாம்பு, பல்லிதான் அதற்குச் சாப்பாடு, விஷமே கிடையாது என்றான் ஒருவன். எதுவாக இருந்தால் என்ன, குட்டிக்கு ஏது விஷம் என்றான் இன்னொருவன். குட்டிக்குத்தான் சாஸ்தி என்றாள் ஒரு கிழவி. விக்டோரியா ஒவ்வொருவர் பேசும்போதும் அந்த ஒருவரையே நம்பினாள். அடுத்தவர் வாயைத் திறந்ததும் அது போய்விட்டது.

கடைசியில் கலியன்தான் சைக்கிளை எடுத்தான். பாக்கியநாதனைப் பின்னால் உட்காரவைத்து, சிஸ்டர்மார் நடத்திய மிஷன் ஆஸ்பத்திரிக்கு மிதித்தான். விக்டோரியா சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓடினாள். "தூங்கி வியுந்துடாதய்யா" என்று வழியெல்லாம் கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டாக்டர். சின்ன வயது, தெற்கத்திக்காரர், அதட்டத் தெரியாதவர். கடிவாயைப் பார்த்தார். கண்ணை மூடித் திறக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார். பாக்கியநாதன் எல்லாம் செய்தான், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"பாம்பைக் கொண்டு வந்தீங்களா?"

"கொளுத்திட்டோம் சார்" என்றாள் விக்டோரியா.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கறுப்புல வெள்ளை வரி போட்ட குட்டிங்க ரெண்டு இருக்கு. ஒண்ணு கட்டுவிரியன். அதுக்கு வால் பக்கம் வரி எடுப்பா இருக்கும், தலைகிட்ட வர வர மங்கிடும். இன்னொண்ணு விஷமில்லாதது. அதுக்குக் கழுத்துலேயே பளிச்சுன்னு ஆரம்பிச்சு, வாலுக்குப் போகப் போக மங்கும். நீங்க பார்த்ததுக்கு வரி எங்க இருந்தது?"

விக்டோரியா கண்ணை மூடிப் பார்த்தாள். துள்ளின வால் தெரிந்தது. குழவி தெரிந்தது. குழவிக்கு அடியில் இருந்ததைத்தான் அவர் கேட்கிறார்.

"வாலாண்டதான் சார்…"

"தலைகிட்ட?"

"தலையாண்டயும் இருந்திச்சோ… இருந்திச்சு சார். இல்ல சார், தலைய நான்தான் நசுக்கிட்டனே!"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கலியன் தானாகவே திரும்பப் போய், எரிந்ததை இலையில் கட்டிக் கொண்டுவந்தான். விளக்குத் திரி கருகினது மாதிரி ஒரு சுருள், அதோடு ஒட்டிக்கொண்ட கறுத்த காசு. டாக்டர் இடுக்கியால் புரட்டினார். தொட்ட இடமெல்லாம் சாம்பலாக உதிர்ந்தது. விக்டோரியாவுக்குச் செல்லியம்மாள் மேல் வந்த கோபத்தில் பல் நறநறத்தது. ஆனால் குழவியைப் போட்டது செல்லியம்மாள் இல்லையே.

"மருந்து இருக்கு. ஆனா குதிரை ரத்தத்துல இருந்து எடுக்கிற மருந்து அது. விஷம் ஏறாத உடம்புல போட்டா சில பேருக்கு அதுவே எமனாயிடும். விஷம் ஏறினா முதல்ல இமை தொங்கும், கண் திறக்க முடியாது. அதைப் பார்த்ததும் போட்டுடலாம். பக்கத்துலேயே இருந்து கண்ணைக் கவனிச்சுக்கிட்டே இருங்க" என்றார் டாக்டர்.

இமை தொங்கினால் விஷம். இரண்டு நாளாகத் தூங்காதவனின் இமை தொங்காமல் வேறு என்ன செய்யும்? அவள் அதைக் கேட்க நினைத்தாள். படித்தவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டாள்.

கட்டில் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தை அவ்வளவு நேரம் அவள் பார்த்தது கிடையாது. புருவத்தில் உலைப்பொறி தெறித்த பழைய வடு ஒன்று இருந்தது. இமை மெல்ல இறங்கும். உலுக்குவாள். "பேஜாரு பண்ணாதமே, ரவ தூங்க வுடு" என்று எரிந்து விழுவான். அவளுக்கு உயிர் வரும். மறுபடியும் இறங்கும். மறுபடியும் உலுக்குவாள். திட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குழறியது. தூக்கக் கலக்கத்தில் குழறாத நாக்கு எது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். கலியன் டீ வாங்கி வந்தான். அவன் வாயில் ஊற்றினாள். அது உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டாள். வீட்டிலும் எத்தனை தடவை பாதித் தூக்கத்தில் இப்படி டீயைக் கொட்டியிருக்கிறான்!

மதியத்துக்கு மேல் பிரசவ அறையிலிருந்து டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு பெண் காலையிலிருந்து அலறிக்கொண்டிருந்தாள். அவர் பாக்கியநாதன் கன்னத்தைத் தட்டினார். கண் பாதி திறந்து மூடிக்கொண்டது. நாடி பார்த்தார். நாடி ஒழுங்காக இருந்தது. நெற்றியைச் சுருக்கினார்.

"நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தா எப்பவும் இப்படித்தான் தூங்குவாராம்மா?"

"ஆமா சார், டெய்லி இப்படித்தான். கூரையே இடிஞ்சு வியுந்தாலும் எழுந்துக்க மாட்டாரு" என்றாள் விக்டோரியா. சொல்லும்போது அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. டாக்டர் முகத்திலும் அது வந்தது. "கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பிப் பாருங்க. முழிக்கலேன்னா உடனே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அலறல் வந்த பக்கம் ஓடினார்.

அவள் உடனே எழுப்பவில்லை. அதுதான் அவள் செய்தது. இரண்டு நாள் நெருப்பில் நின்றவன், பாவம், டாக்டரே தூக்கம்தான் என்கிற மாதிரி போய்விட்டாரே, ரவ தூங்கட்டும் என்று விட்டாள். ஈ மொய்க்காமல் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அலைந்த உடம்பு அவளுக்கும் கட்டில் சட்டத்தில் சாய்ந்தது.

நர்ஸ் வேலை பார்க்கிற சிஸ்டர் கிரேஸ் வந்தார். நாடி பார்த்தார், பிறகு பாக்கியநாதனின் தோளில் அழுத்திக் கிள்ளினார். கிள்ளின இடம் சிவந்தது. விக்டோரியா பழக்கத்தில் பதறிப்போய், "சிஸ்டர், வாயில கண்டபடி வரும், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள்.

ஒன்றும் வரவில்லை.

அவளே தோளைப் பிடித்து உலுக்கினாள். காதைத் திருகினாள். "யோவ்!" என்று காதுக்குள் கத்தினாள். உபதேசியாரையே விடாத வாய், மாமியாரை விடாத வாய், ஒரு முனகல்கூட முனகாமல் மூடிக் கிடந்தது. எந்தத் தூக்கத்திலும் அவன் திட்டாமல் இருந்ததில்லை. டாக்டர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டாரே, அப்போது அவள் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தானே!

அவன் விரல்களுக்குள் தன் விரலை நுழைத்தாள். "தூங்குறியாய்யா? தூங்கலன்னா என் வெரல அமுக்கு."

அந்த விரல்கள் அமுக்கின. பச்சைப் பிள்ளை பிடிக்கிற மாதிரி, அவ்வளவுதான் பலம். கண் திறக்கவில்லை, வாய் அசையவில்லை. அந்த மூடின முகத்துக்கு உள்ளே அவன் முழித்துக்கொண்டிருந்தான்.

அவள் போட்ட கூச்சலில் பிரசவ அறையின் அலறலே அடங்கிவிட்டது. டாக்டர் ஓடிவந்து இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். விட்டதும் அது கதவு சாத்தின மாதிரி விழுந்தது. நெஞ்சு எழும்புவதே தெரியவில்லை. மருந்தை ஏற்றினார்கள். சிஸ்டர் கிரேஸ் மூக்கிலும் வாயிலும் ஒரு மூடியை அழுத்தி, ரப்பர்ப் பையைப் பிசைந்து காற்றை உள்ளே தள்ளினார். "மெட்ராஸ் போகணும், மூச்சு விடுற மெஷின் அங்கதான் இருக்கு" என்றார் டாக்டர். அவர் விக்டோரியாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. யார் கேட்டது தப்பு, யார் சொன்னது தப்பு என்று பேச அங்கே நேரம் இல்லை.

மிஷன் வேன் ரோட்டில் பறந்தது. சிஸ்டரின் கை ஓய்ந்தபோது பையை விக்டோரியா வாங்கிக்கொண்டாள். பிசைந்தால் நெஞ்சு ஏறியது, விட்டால் இறங்கியது. அவள் கை நின்றால் அவன் மூச்சு நின்றுவிடும். கும்பிடக்கூடக் கையை எடுக்க முடியாது. வாய் ஒன்றுதான் சும்மா இருந்தது. அவனுக்குக் காது கேட்கிறது என்பது ஞாபகம் வந்ததும் பேச ஆரம்பித்தாள். மாதாவே என்று ஆரம்பித்தது, எங்கேயோ தடம் மாறி, அவனுடைய திட்டுகளில் போய் நின்றது. அவன் எத்தனை வருஷமாகப் பகல் தூக்கத்தில் கொட்டினானோ அத்தனையையும் ஒன்று விடாமல் அவன் மேலேயே கொட்டினாள். "எந்திரிடா, திருப்பித் திட்டுடா, சோமாறி" என்று அழுதாள். சிஸ்டர் கிரேஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஜெபமாலையை உருட்டினார். மேடு பள்ளத்தில் வேன் குதித்தது. அவன் விரல் ஏதாவது பதில் சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தெரிந்திருக்காது. அவள் இரண்டு கையும் பையில் இருந்தன.

மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் மெஷின் வைத்தார்கள். ஜோசப் சேற்றுக் காலோடு வந்து சேர்ந்தான். தான் ஊருக்குப் போனதால்தான் பாய் சுருண்டது என்று அவன் ஒரு மூலையில் உட்கார்ந்து குமுறினான். செல்லியம்மாள் வந்து, கங்கம்மாவுக்கு வேண்டிக்கொண்ட மஞ்சள் துணியைத் தலையணைக்கு அடியில் செருகினாள். விக்டோரியா தடுக்கவில்லை. கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

கண் திறந்தான். நாட்கள் ஆயின, ஆனால் திறந்தான். குழாயை எடுத்த பிறகு ஒருநாள், காற்றுப்போன குரலில், அவளை அருகே கூப்பிட்டான்.

"நீ டாக்டர் கைல சொன்னியே, டெய்லி இப்படித்தான்னு."

விக்டோரியா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"எல்லாம் கேட்டுச்சு. இல்லமே, தூங்கலமே, அவர இட்டுக்கினு வாமேன்னு சொல்லத்தான் பாத்தேன். நாக்கு வரல. கண்ணு வரல. நீ பாட்டுக்கு விசிறிக்கினு இருந்தே. காத்து மூஞ்சில பட்டுக்கினே இருந்திச்சு."

குற்றம் சொல்வதற்காக அவன் சொல்லவில்லை. அதிசயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னான். குற்றமாகச் சொல்லியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள். இதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் ஆரஞ்சை நார் நாராகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் மறுபடியும் வேலைக்குப் போனான். ஜோசப் பெட்டிப் பலகைகளை அடித்து ஒரு கட்டில் செய்து போட்டான். மரத்தூள் மூட்டையை விக்டோரியா வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டாள். பாயை ஒரு நாளைக்கு எத்தனை தடவை உதறுகிறாள் என்று தெருவே சிரிக்கும். வரிபோட்ட குட்டி எதையாவது எங்கேயாவது அடித்தால், செல்லியம்மாளே கொளுத்தாமல் இலையில் எடுத்துவந்து இவளிடம் காட்டிக் கேட்பாள். இவள் கிட்டே குனிந்து, வரி எங்கே ஆரம்பிக்கிறது என்று தலையிலிருந்து வால் வரைக்கும் பார்ப்பாள். இப்போது நன்றாகத் தெரிந்தது.

தெரியாதது வீட்டுக்குள் இருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து அவன் படுப்பான். இமை மூடும். வாசலுக்கும் கட்டிலுக்கும் அவள் நடப்பாள். மூக்கில் கை வைத்துப் பார்ப்பாள். மூச்சு வரும். மூச்சு அன்றைக்கும்தான் முதலில் வந்துகொண்டிருந்தது. தாங்காமல் தோளைத் தொட்டு எழுப்பிவிடுவாள்.

அவன் இப்போது திட்டுவதில்லை. அந்த நாளுக்கப்புறம் ஒரு தடவைகூடத் திட்டவில்லை. அவள் எதற்கு எழுப்புகிறாள் என்று அவனுக்குத் தெரியும். சலிப்போ சத்தமோ இல்லாமல் பேசாமல் படுத்திருப்பான்.

"ஒரு வார்த்த திட்டேன்யா. உனக்குப் புண்ணியமாப் போவும், திட்டு" என்று கெஞ்சுவாள்.

தூக்கத்தில் இருக்கிறவனுக்கு அவளைத் தேற்ற ஒரே வழிதான் தெரியும். கண்ணைத் திறக்காமல், வாயைத் திறக்காமல், கையை மட்டும் நீட்டித் தடவி, அவள் விரலைத் தேடிப் பிடித்து மெல்ல அமுக்குவான். விக்டோரியா அந்தக் கையைப் பிடித்தபடி, அவன் கண் திறக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.